நாட்டின் பெயரால் ஆடிய நங்கையர்: மகளிர் டென்னிஸ் அணிப்போட்டி வரலாறு

பந்தாடல் தமிழ் மகளிர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துகவரி இடம்பெறுகின்றது. குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லியும் பந்தாடுபவளாகவே நம் கண்முன் நிறுத்தப்படுகின்றாள். ஆயின், அவ்வாட்டம் ஆடுபவளின் மகிழ்ச்சிக்கும் அவள் தோழியரின் மகிழ்ச்சிக்குமாக அமைந்தது. ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிப் பிற நாட்டு மகளிரோடு எதிர்நின்று ஆடுதல் அண்மைக் காலத்துப் புதுமையாகும். டென்னிஸ் விளையாட்டில் அப்புதுமை ஆடவர்க்கு 1900ஆம் ஆண்டிலேயே வாய்த்தது. உலக நாடுகள் பலவும் கலந்துகொள்ளும் மகளிர் அணிப்போட்டியோ 1963இலேயே தோன்றியது. இடைப்பட்ட 63 ஆண்டுகளும் வீணே கழிந்தமைக்குக் காரணம் யாது? மகளிரிடத்து வல்லமை இல்லாமையா, அன்றி அவ்வல்லமையை வெளிப்படுத்தக் களம் இல்லாமையா? இவ்வினாவை முன்வைத்து இவ்வரலாற்றை ஆராய்தல் பயனுடைத்து.

தொடக்க காலம்

விம்பிள்டனில் ஆடவர் போட்டி 1877இல் தொடங்கிற்று. ஏழாண்டுகள் கழித்து, 1884இல், மகளிர் ஒற்றையர் போட்டியும் அங்கே சேர்க்கப்பட்டது. முதலாண்டு இறுதியாட்டத்தில் எதிர்நின்றோர் இருவரும் உடன்பிறந்தார். தங்கை மோட் வாட்சன் தமக்கை லிலியனை வென்று முதற் பட்டத்தைப் பெற்றார். ஆகவே, தனியாட்டத்தில் மகளிர் பின்தங்கியிருந்தனர் என்று எவரும் கூறுதற்கில்லை. அணியாட்டமே அவர்க்கு மறுக்கப்பட்டிருந்தது.

1900இல் ஹார்வார்ட் பல்கலைக்கழக மாணவர் டுவைட் டேவிஸ் என்பார் வெள்ளிக் கிண்ணமொன்றை வழங்கினார். பொஸ்ரன் நகரத்து லோங்வூட் கழகத்தில் அமெரிக்க ஆடவரும் பிரித்தானிய ஆடவரும் அதற்காக மோதினர். அதுவே டேவிஸ் கிண்ணப் போட்டியின் தோற்றம். இதற்கு நிகரான ஒன்று மகளிர்க்கும் வேண்டும் என்று முதலில் எண்ணியவர், அமெரிக்க வாகை பலமுறை சூடிய ஹேசல் ஹொட்ச்கிஸ் வைற்மன் அம்மையார் ஆவர். 1919இல் அவர் உள்ளத்தே உதித்த அவ்வெண்ணத்தை ஆளும் சங்கங்கள் ஏற்கவில்லை. அம்மையார் மனந்தளராது தாமே ஒரு கிண்ணத்தை அளித்தார். 1923இல் நியூயோர்க் நகரத்து ஃபொரஸ்ட் ஹில்ஸ் அரங்கில் அதற்கான முதற்போட்டி நிகழ்ந்தது. அமெரிக்கா 7-0 என்று வென்றது. எனினும் பல நாடுகளையும் அழைக்கவேண்டுமென்ற அவர் நோக்கம் ஈடேறவில்லை. வைற்மன் கிண்ணம் 1989 வரையும் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடைப்பட்ட போட்டியாகவே நின்றுவிட்டது.

சம்மேளனக் கிண்ணம்

வைற்மன் அம்மையார் இட்ட வித்து நாற்பதாண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. அவுஸ்திரேலியப் பயிற்றுநர் ஹரி ஹொப்மனின் துணைவியார் நெல் ஹொப்மன் அக்கருத்தை மீண்டும் எடுத்துப் பேசினார். அமெரிக்காவில் வாழ்ந்த ஆங்கில வீராங்கனை மேரி ஹாட்விக் ஹேர் வெறும் பேச்சோடு நில்லாது, நாடுகளின் ஆதரவைத் திரட்டி, அதனைச் சான்றுகளோடு தொகுத்து 1962இல் அனைத்துலகச் சம்மேளனத்தின் முன் வைத்தார். மகளிர் அணிப்போட்டிக்கு ஆதரவில்லை என்ற வாதம் அத்தொகுப்பின் முன்னே நிற்கமாட்டாது வீழ்ந்தது. 1913இல் நிறுவப்பட்ட அச்சம்மேளனம் தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டிப் புதுப்போட்டியைத் தொடக்கி வைத்தது. அதுவே சம்மேளனக் கிண்ணம்.

1963 யூன் மாதத்தில் இலண்டன் மாநகரத்துக் குயீன்ஸ் கழகத்தில் 16 நாடுகளின் அணிகள் கூடின. இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர் என மூன்று ஆட்டங்கள். இரண்டில் வென்ற அணி மேலே செல்லும். பரிசுப்பணம் ஏதுமில்லை, வந்துசெல்லும் செலவையும் அணிகளே ஏற்றன. அவ்வாறிருந்தும் 16 நாடுகள் வந்தன என்பதே நாம் முன்னர் எழுப்பிய வினாவுக்குப் பாதி விடையாகும். இறுதியில் ஐக்கிய அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் எதிர்நின்றன. ஒற்றையரில் ஆளுக்கொன்று வென்றபின், இரட்டையராட்டமே முடிவு கூறவேண்டியதாயிற்று. அமெரிக்காவின் டார்லின் ஹாடும் 19 வயதினரான பில்லி ஜீன் மொஃபிற்றும் முதற் சுற்றை இழந்து, இரண்டாவதை 13-11 என்று போராடிப் பெற்று, மூன்றாவதை 6-3 என்று முடித்தனர். எதிரே நின்றவர்கள் மார்கரெட் ஸ்மித்தும் லெஸ்லி டேர்னரும் ஆவர். அன்று மொஃபிற் என்று அழைக்கப்பட்ட அப்பெண்ணே பின்னாளில் பில்லி ஜீன் கிங் எனப் புகழ்பெற்றவர். 2020இல் இக்கிண்ணத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

1976இல் வணிக நிறுவனமொன்றின் ஆதரவு கிட்டவே பரிசுப்பணமும் வந்தது. பங்குகொள்ளும் நாடுகளும் பெருகின. இடம் போதாமையால் 1992 முதல் வலயவாரியான தகுதிகாண் போட்டிகள் அமைந்தன. 1995இல் நாடுகள் ஒன்றன் மண்ணில் மற்றொன்று சென்று ஆடும் முறையும் புகுத்தப்பட்டது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இதிலே பங்குகொள்கின்றன.

நாட்டின் பெயரால் ஆடுதல் எத்துணை ஆழமான உணர்ச்சிகளைக் கிளறும் என்பதற்கு 1986இல் பிராக் நகரில் நிகழ்ந்தது தக்க சான்றாகும். செக்கோசிலவாக்கியாவிற் பிறந்த மார்ட்டினா நவ்ரத்திலோவா 1975இல் தன் நாட்டை நீங்கி அமெரிக்காவிற் புகலடைந்தவர். பதினோராண்டுகளின் பின் அமெரிக்க அணியில் ஒருவராகப் பிறந்த மண்ணை மிதித்தார். அரசு அவரை வரவேற்க விரும்பவில்லை. அரங்கிலே குழுமிய மக்களோ ஆரவாரித்து வரவேற்றனர். இறுதியாட்டத்தில் அமெரிக்கா 3-0 என்று செக்கோசிலவாக்கியாவை வென்றது. தோற்ற நாட்டின் மக்களே வென்றவளை வாழ்த்தினர்.

ஆசியாவும் இந்தியாவும்

1963இல் கூடிய 16 நாடுகளுள் ஆசிய நாடு ஒன்றேனும் இல்லை. பின்னர் யப்பான் முன்னேறி, 1981இல் தோக்கியோவிலும் 1985இல் நகோயாவிலும் இப்போட்டியைத் தன் மண்ணிலேயே நடாத்தியது. இந்தியாவின் நிலை வேறு. ஆடவர் பகுதியில் இந்தியா 1921 முதலே டேவிஸ் கிண்ணத்திற் பங்குபற்றியது. இராமநாதன் கிருஷ்ணன் முன்னின்று ஆடிய அணி 1966இல் இறுதியாட்டத்தை எட்டியது. 1974இல் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்களைக் கொண்ட அணி மீண்டும் இறுதிக்கு வந்து, நிறவெறி கொண்ட தென்னாபிரிக்காவோடு ஆடமாட்டோம் என்று கிண்ணத்தையே துறந்தது. ஆயின் மகளிர் அணி சம்மேளனக் கிண்ணத்திற் கால்வைத்தது 1991இலேதான். ஆடவர்க்கும் மகளிர்க்கும் இடையே 70 ஆண்டுகள் இடைவெளி!

அவ்விடைவெளியில் இந்தியாவில் வீராங்கனையர் இல்லாதிருந்தனரா? அவ்வாறன்று. சத்தியாக்கிரகத்தை வடமொழியிலே காவியமாக யாத்த பண்டிதா க்ஷமா ராவ் அம்மையார் தாமும் டென்னிஸ் வீராங்கனையாக விளங்கியவர். அவர் மகள் லீலா ராவ் 1934இல் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் என்ற புகழைப் பெற்றார். கல்வியும் களமும் ஒரே இல்லத்தில் ஒருங்கே வாழ்ந்தமைக்கு இவ்விருவரும் எடுத்துக்காட்டாவர். 1952இல் ரீட்டா டாவர் விம்பிள்டன் சிறுமியர் போட்டியில் இறுதிவரை சென்றார். 1971இல் நிருபமா மங்காட் ஆனந்த் அமிர்தராஜுடன் இணைந்து அங்கே கலப்பு இரட்டையர் ஆடினார். இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒளிர்ந்த விண்மீன்கள். இவர்களை ஓரணியாகச் சேர்த்து உலக அரங்கிற்கு அனுப்பும் ஏற்பாடு மட்டுமே இல்லாதிருந்தது.

அணி அமைந்தபின் நிகழ்ந்ததை நோக்குக. கோயம்புத்தூரில் 1976இற் பிறந்த நிருபமா வைத்தியநாதன் தந்தையாரிடம் பயிற்சிபெற்று வளர்ந்து, 1990களில் இந்திய அணியின் தூணாக நின்றார். 1998இல் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில் இத்தாலியின் குளோரியா பிற்சிக்கினியை வென்றார். தொழின்முறை ஆட்டக்காரரும் அனுமதிக்கப்பட்ட புதுயுகத்திலே, பெருந்தொடர் ஒன்றின் பிரதான சுற்றில் ஆட்டமொன்றை வென்ற முதல் இந்தியப் பெண் இத்தமிழ்நங்கையே. அதே ஆண்டில் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

அவரைத் தொடர்ந்து ஐதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்சா எழுந்தார். ஒற்றையரில் 2007இல் உலகின் 27ஆம் இடம். இரட்டையரில் 2015 ஏப்பிரலில் முதலிடம். அம்முதலிடத்தை எய்திய அதே வாரத்தில் அவர் எங்கே ஆடினார் என்பது கருதத்தக்கது. ஐதராபாத்தில், ஆசிய-ஓசியானிய வலயத்தின் இரண்டாம் பிரிவிலே, பரிசும் புகழும் அரிதான அப்போட்டியில் நாட்டிற்காக ஆடினார். பிலிப்பைன்சை வென்ற இந்தியா முதற் பிரிவுக்கு உயர்ந்தது. உலகின் முதல்வர் கீழ்ப்பிரிவில் ஆடுதல் இழுக்கு என்று எண்ணாமையே அணியுணர்வின் இலக்கணமாகும்.

2020 மார்ச்சில் முதற் பிரிவுப் போட்டி துபாயில் நிகழ்ந்தது. சீனத்தில் நடைபெறவிருந்த அது நோய்ப்பரவலால் முதலிற் கசக்கத்தானுக்கும் பின்னர் துபாய்க்கும் மாற்றப்பட்டதாகும். மகப்பேற்றின்பின் களம் திரும்பியிருந்த சானியாவும், அங்கிதா ரைனா, ருதுஜா போசலே முதலியோரும் இந்திய அணியில் இருந்தனர். முதலிற் சீனத்திடம் தோற்ற அணி, பின்னர் உசுபெக்கிசுத்தான், தென்கொரியா, சீனத் தைப்பே ஆகியவற்றை வென்றது. இறுதிநாளில் இந்தோனேசியாவோடு ஒற்றையர் ஆளுக்கொன்றாய் முடிய, சானியாவும் அங்கிதாவும் இரட்டையரை 7-6, 6-0 என்று கைப்பற்றினர். வலயத்தைக் கடந்து உலகச் சுற்றின் தகுதியாட்டத்திற்கு இந்திய மகளிர் சென்றது அதுவே முதன்முறை. அவ்வாண்டு நாட்டுக்காக ஆடியோர்க்குரிய விருது சானியாவுக்குக் கிடைத்தது. அதனோடு வந்த 2000 டொலரையும் அவர் தெலுங்கானா முதல்வரின் நிவாரண நிதிக்கு ஈந்தார். 2021 ஏப்பிரலில் லத்துவியாவிற் சென்று ஆடிய அணி 1-3 என்று தோற்றது.

எனினும் ஒருமுறை கண்ட வழி அடைபடவில்லை. 2025 ஏப்பிரலில் பூனா நகரில் நியூசிலாந்துக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பெற்று, இந்தியா மீண்டும் தகுதியாட்டத்தை எட்டியது. அங்கு ஒற்றையரில் ஸ்ரீவள்ளி பாமிடிபாத்தி தோல்வியே காணாது ஆடினார். சானியா ஓய்வுபெற்ற பின்னும் அணி அவ்விடத்தை எய்தியதே இங்குச் சிறப்பாகும். விளக்கு ஒன்று அணைந்தும் ஒளி அணையவில்லை.

இலங்கைக்கு உரியது

இலங்கைக்கு இவ்விளையாட்டு ஆங்கிலேயரோடு வந்தது. தோட்டத்துரைமாரும் அரசாங்க அதிகாரிகளும் தத்தம் கழகங்களிலே இதனை ஆடினர். திருகோணமலைத் துறைமுகத்துக் கடற்படைத் தளமும் அதன் அயலிலுள்ள சீனன்குடா விமானத்தளமும் பிரித்தானியர் வசமிருந்து 1957இல் இலங்கைக்குக் கைமாறின. ஆளுவோர் சென்றனர், ஆனால் அவர்கள் கொணர்ந்த டென்னிஸ் பொதுமக்களின் விளையாட்டாக மாறவில்லை. அதற்குச் சமதளமான களம் வேண்டும். வலையும் மட்டையும் பந்தும் வேண்டும். பந்து தேய்ந்தால் புதிது வேண்டும். பல்லாண்டுப் பயிற்சியளிக்க ஆசான் வேண்டும். இவை சிற்றூர்ப் பாடசாலைக்கு எட்டாதவை. இலங்கை மகளிர் அணி ஆசிய-ஓசியானிய வலயத்தின் கீழ்ப்பிரிவுகளிலே நின்று போராடி வந்தமைக்கு இதனை ஒரு முதற் காரணமாகக் கொள்ளலாம்.

இதற்கு மாறாக வலைப்பந்தாட்டத்தை நோக்குக. இரு கம்பங்களும் இரு வளையங்களும் ஒரு பந்தும் போதும்; ஆகவே அது பெண்கள் பாடசாலைதோறும் ஆடப்படுகின்றது. அவ்வாறு பரந்து கிடந்த களத்திலிருந்தே யாழ்ப்பாணத்து ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் எழுந்தார். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வாகை சூடியபோது அவர் அணியின் உயிர்நாடியாக விளங்கினார். 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில், அணி பெரிதும் வெல்லாதபோதும், எல்லா நாட்டு வீராங்கனையரினும் மிகுதியான கோல்களைப் பெற்றார். ஓர் ஊர்ச் சிறுமி உலகை எட்டியதற்கு அவர்தம் ஆற்றலும் உயரமும் உழைப்பும் காரணங்களே. ஆயினும் அவ்வாற்றலைக் காணத்தக்க களம் எளிதிற் கிட்டியமையும் ஒரு காரணமன்றோ?

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை தெளிவாகின்றது. 1919இலும் மகளிரிடம் வல்லமை இருந்தது, 1934இலும் இருந்தது. களம் இல்லாமையே குறை. களம் அமைந்த 1963இல் ஓரிளம்பெண் தன் பெயரை அக்கிண்ணத்திலேயே பொறிக்கும் பயணத்தைத் தொடங்கினாள். இந்தியாவில் களம் அமைந்து 29 ஆண்டுகளில் அணி வலயத்தைக் கடந்தது. களத்தை அமைப்பது ஆடுவோரின் கடமையன்று. பாடசாலைகளும் பெற்றோரும் பழைய மாணவரும் சங்கங்களும் ஏற்கவேண்டிய கடமை. வளவின் ஒரு மூலையிலே ஒரு களத்தைச் சமன்செய்து, மாலைதோறும் சிறுமியரை அதில் ஆடவிடும் பாடசாலை எதுவாயினும், அது நாட்டின் அணிக்கு முதற்கல்லை இடுகின்றது. கிண்ணம் பின்னர் வரலாம், வராமலும் போகலாம். மட்டையைக் கையிலேந்தும் வாய்ப்பையேனும் நம் சிறுமியர்க்கு மறாது அளிப்போமாக.