மணவழிக் குடியுரிமை: ஒரு சட்டவாக்கியத்தின் வரலாறு

அயல்நாட்டவர் மணவழியே இந்தியக் குடியுரிமை பெறுவதன் வரலாற்றை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலேயே படித்துவிடலாம். தொடக்கத்தில் அது இந்தியரை மணந்த ‘பெண்கள்’ என்றே சொன்னது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அவ்வழி இல்லை; மனைவி கணவனின் நாட்டைச் சேர்ந்தவள் என்னும் பழைய எண்ணத்தின் எச்சம் அது.

1986இல் ‘பெண்கள்’ என்பது ‘நபர்கள்’ ஆயிற்று. 5 ஆண்டு வசிப்பும் நிபந்தனையாயிற்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 7 ஆண்டாக்கியது. அத்திருத்தத்தின் பெரிய மாற்றம் வினையில் நிகழ்ந்தது. மணவாழ்வில் இருப்போரையும் முன்பு இருந்தோரையும் சுட்டிய தொடரில், இருப்போர் மட்டுமே எஞ்சினர். விண்ணப்பிக்குமுன் கணவனை இழந்த பெண்ணுக்கு அச்சொற்களில் இடமில்லை. அவருக்கு எஞ்சும் இயல்புரிமை வழியோ மொத்தம் 12 ஆண்டு வசிப்பைக் கோருகிறது.

பால் பாகுபாட்டை நீக்கிய திருத்தத்தை எளிதில் நினைவுகூர்கிறோம். கைம்பெண்ணை விலக்கிய காலமாற்றத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.