ஆலயத்து முற்றத்திலிருந்து உடைமாற்றும் அறைவரை

லிவர்பூல் நகரத்தின் இரண்டு பெரிய உதைபந்தாட்டக் கழகங்களுக்கும் தாய்வீடு ஒரு சிற்றாலயம். எவர்ட்டன் பகுதியிலிருந்த சென் டொமிங்கோ மெதடிஸ்த ஆலயத்து இளைஞர்கள் கோடையில் கிரிக்கெட் ஆடினார்கள். குளிர்காலத்திலும் பிரிந்துபோகாமல் இருக்க 1878இல் உதைபந்தாட்ட அணி ஒன்றைத் தொடங்கினார்கள். சபைக்கு வெளியே இருந்தவர்களும் சேர விரும்பவே, அடுத்த ஆண்டு அதன் பெயர் எவர்ட்டன் ஆயிற்று.

நான் யாழ்ப்பாணத்துக் கரையோரத்தான். நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனீஸ் என்று புனிதர்களின் பெயர் சொல்லித்தான் நாங்கள் பந்துக்கு ஆர்ப்பரித்தோம். கோயிலும் பந்தும் ஒரே முற்றத்தில் இருப்பது எங்களுக்கு இயல்பு. அதனால் இங்கிலாந்தில் குடியேறிய பிறகு இந்த வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன்.

அந்தக் காலத்துக் குருமாருக்குப் பந்தின்மேல் ஏன் இத்தனை அக்கறை? 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யக்கூடாது என்றது. மெல்ல மெல்லச் சனி அரைநாள் விடுமுறை மற்றத் தொழில்களுக்கும் பரவியது. கையில் கூலியும் நேரமும் இருந்தால் கால் மதுக்கடைக்குத்தான் போகும் என்று சபைகள் அஞ்சின. மன்செஸ்டரின் வெஸ்ட் கோர்ட்டனில் புனித மாற்கு ஆலயக் குருவின் மகள் அன்னா கானல் ஆண்களுக்கான கூட்டங்களை நடத்தினார். அந்தச் சபை வட்டத்திலிருந்து 1880இல் எழுந்த அணிதான் இன்றைய மன்செஸ்டர் சிட்டி.

என் மனத்தை மிகவும் தொட்டவர் கிளாஸ்கோவின் வால்ஃப்ரிட் சகோதரர். அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்த மாரிஸ்ட் சபைத் துறவி, ஆசிரியர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஐரிஷ் மக்களின் பிள்ளைகள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்குப் பள்ளியில் சோறு போடப் பணம் வேண்டியிருந்தது. எடின்பரோவில் கனன் ஹனன் என்ற குரு 1875இல் தொடங்கிய ஹிபர்னியன் கழகம் 1887இல் ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தை வென்றது. ஓர் ஏழைச் சமூகம் பந்தால் இத்தனை கூட்டத்தைச் சேர்க்க முடிகிறதென்றால் நாமும் செய்வோம் என்று வால்ஃப்ரிட்டும் அவரோடிருந்தவர்களும் அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் ஆலய மண்டபத்தில் கூடி செல்டிக் கழகத்தை ஏற்படுத்தினார்கள். நுழைவுக் கட்டணம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு. இப்படி ஒரு பிறப்பு வேறெந்தப் பெரிய கழகத்துக்கு உண்டு?

ஆனால் கழகங்கள் வளர்ந்தபோது ஆலயம் வெளியே நின்றது. போல்ட்டனில், தான் இல்லாமல் கூட்டமே நடத்தக்கூடாது என்று குருவானவர் கட்டுப்பாடு விதிக்க, 1877இல் ஆலய அணியின் இளைஞர்கள் விலகிப்போய் போல்ட்டன் வொண்டரர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1892இல் வால்ஃப்ரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897இல் செல்டிக் ஒரு வணிகக் கம்பனி ஆனது. எவர்ட்டனிலோ, தாங்கள் ஆடிவந்த ஆன்ஃபீல்ட் மைதானத்தின் வாடகை பற்றி மதுவடிப்பாளர் ஜோன் ஹோல்டிங்குடன் சண்டை. சென் டொமிங்கோ ஆலயத்தில் ஓர்கன் வாசித்த ஜோர்ஜ் மஹன் தலைமையில் பெரும்பாலோர் 1892இல் குடிசன் பார்க்குக்குப் போய்விட்டார்கள். வெறுமையாய்க் கிடந்த மைதானத்துக்காக ஹோல்டிங் உண்டாக்கியதுதான் லிவர்பூல் கழகம். குடிசன் பார்க்கின் மூலையில், பார்வையாளர் மேடைகளை ஒட்டியே புனித லூக்கா ஆலயம் நிற்கிறது. பல தலைமுறை ரசிகர்கள் அதைக் கடந்துதான் உள்ளே போனார்கள்.

ஆலயம் கழகத்துக்குள் திரும்பி வருவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்தது. 1977இல் வாட்ஃபோர்டு நான்காம் பிரிவில் கிடந்த கழகம். பாடகர் எல்ட்டன் ஜோன் அதன் தலைவர், கிரகம் டெய்லர் புதிய மேலாளர். கழகம் ஊராருக்குச் சொந்தமானது என்று உளமார நம்பியவர் டெய்லர். அந்த ஆண்டு பப்திஸ்துப் போதகர் ஜோன் போயர்ஸ் அங்கே கழகப் போதகராகச் சேர்ந்தார். 1983இல் வாட்ஃபோர்டு முதற்பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்த ஏற்றத்தையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த போயர்ஸ், 1991இல் விளையாட்டுப் போதகர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிறகு மன்செஸ்டர் யுனைட்டட்டில் நெடுங்காலம் பணிசெய்தார். இன்று இங்கிலாந்தின் தொழில்முறைக் கழகங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு போதகர் இருக்கிறார்.

1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். அந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோனது. மறுநாள் மாலை லிவர்பூல் கத்தோலிக்கப் பேராலயம் நிரம்பி வழிந்தது. ஆன்ஃபீல்ட் புல்தரை பூக்களால் மூடிப்போனது. ஒரு வாரம் கழித்து, ஒரே ஆலயத்திலிருந்து பிரிந்த இரண்டு கழகங்களின் ரசிகர்களும் குடிசனிலிருந்து ஆன்ஃபீல்ட்வரை ஸ்டான்லி பூங்காவின் ஊடாகக் கழுத்துச் சால்வைகளை முடிந்து ஒரே சங்கிலி ஆக்கினார்கள். பந்து தோற்றுப்போகும் இடத்தில் யார் நிற்பது என்ற கேள்விக்கு அந்த நகரமே பதில் தேடிய நாட்கள் அவை.

கழகப் போதகர் வெற்றிக்காகச் செபிக்கிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய வேலை வேறு. வாரத்தில் ஒரு நாள் பயிற்சித் திடலுக்குப் போவார். சீருடை துவைப்பவர், சமையல்காரர், வாசல் காவலர் எல்லாரிடமும் பேசுவார். முழங்கால் முறிந்து மாதக்கணக்கில் ஆடமுடியாமல் கிடக்கும் பையனோடு உட்கார்ந்திருப்பார். கேட்டதை மேலாளரிடமும் சொல்லமாட்டார். கேளாமல் மதம் பேசமாட்டார். ரசிகர்களின் அஸ்தியை மைதானத்தில் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. குடிசனில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அப்படிச் சேர்த்ததால், இனி இடமில்லை என்று 2004இல் நிறுத்த வேண்டியதாயிற்று.

என் நண்பர் வீடு சைவ வீடு. அவர்களுடைய மகனை ஒரு கழகம் தன் இளையோர் அணியிலிருந்து 16 வயதில், ஒற்றைக் கடிதத்தோடு அனுப்பிவிட்டது. பையன் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டான். அந்தக் கழகத்தின் போதகர் வீடு தேடி வந்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே அமர்ந்து பிளேன்ரீ குடித்தார். பைபிள் பேசவில்லை. பையனின் கணிதப் பாடத்தைப் பற்றியும், அடுத்து எந்தக் கல்லூரி என்பதைப் பற்றியும் பேசினார். அதன் பிறகும் பல மாதங்கள் தொலைபேசியில் அழைத்தார்.

கோடிகள் புரளும் இந்த ஆட்டத்தில் இவர்களில் மிகப் பலர் ஊதியமில்லாத தொண்டர்கள். சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கழகத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறினால், அணியிலிருந்து நீக்கப்பட்ட பையன் தன்னை நீக்கியவர்களின் ஆளாகத்தான் போதகரைப் பார்ப்பான். கழகங்கள் பணம் செலவிட விரும்பினால், வீட்டுக்கு அனுப்பப்படும் பதின்வயதுப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடட்டும்.