தரங்கம்பாடியில் அந்நியர்

கார்த்திகைத் தீபத்தன்று வேங்கிக்காலில் முன்பின் அறியாத யாத்திரிகருக்குச் சோறும் நீரும் அளிக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். பிற சமயத்தாரின் இத்தகைய விருந்தோம்பலுக்கு நம் சபை வரலாறும் கடன்பட்டுள்ளது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி சேர்ந்த சீகன்பால்குவையும் புளுட்சௌவையும் இழிவாக நடத்தியவர் யார்? டென்மார்க் அரசர் அனுப்பிய அவ்வூழியரைப் பல மணி நேரம் காக்கவைத்தவர் டேனியத் தளபதி ஹாசியுஸ். சீகன்பால்குவை 1708இல் நான்கு மாதச் சிறைக்கு அனுப்பியவரும் அவரே, ஒரே விசுவாசத்தார்! முதிய தமிழாசிரியர் ஒருவரோ தம் திண்ணைப்பள்ளியையே அவ்வந்நியரின் வீட்டுக்கு மாற்றினார். சிறுவரோடு மணலில் அமர்ந்து சீகன்பால்கு எழுத்துப் பயின்றார். 1712 முதல் 1714 வரை மிஷனெரிகளின் வினாக்களுக்குத் தமிழர் எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சேறின. தம் சமயத்தைக் குறைகூறியவர்களுக்கும் அவர்கள் பொறுமையாக விளக்கினர். ஐரோப்பியரின் ஒழுக்கக்கேட்டையும் மறைக்காது எழுதினர்.