வெட்டவெளியில் ஒரு குதிரை



மாசி மகம் பெரும்பாலும் நம் தவக்காலத்தில்தான் வருகிறது. அந்நாளில் பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டை, ஆலங்குடி தாண்டிக் கீரமங்கலம் பக்கம் போனால், வண்டி வண்டியாகக் காகிதப் பூ மாலைகள் குளமங்கலத்துக்குப் போவதைப் பார்க்கலாம். அங்கே பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன், வெட்டவெளியில் சுமார் 33 அடி உயரக் குதிரை ஒன்று நிற்கிறது. மாலை விழ விழ அதன் உருவமே மறைந்துபோகும்.

சென்ற ஆண்டு திருவிழா முடிந்ததும் பங்கு இளைஞர்களோடு போயிருந்தோம். "ஃபாதர், இதைத்தான் கும்பிடுறாங்களா?" என்று ஒரு தம்பி கேட்டான். இல்லை. குதிரை தெய்வமன்று. இரவில் ஊர்க்காவல் போக அய்யனாருக்கு வாகனம் வேண்டும் என்ற நம்பிக்கையில் மக்கள் கொடுத்த காணிக்கை.

இந்தப் பெரிய சிலைக்கு மூத்தது சுட்ட மண்குதிரை. நமணசமுத்திரம் அருகே இளங்குடிப்பட்டியில் அவை வரிசை வரிசையாக நிற்கின்றன. புரவி எடுப்புக்கு முதலில் ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அவர் களிமண்ணில் மணலும் உமியும் பிசைந்து, கால்களை முதலில் எழுப்பி, உடலை உள்கூடாக வளர்த்து, வைக்கோல் மூடிச் சுடுவார். விழாவன்று கண் திறந்ததும் ஊரார் சுமந்துபோய் வைப்பார்கள். கூரை கிடையாது. மழையில் காது உதிரும், கால் உடையும். யாரும் எடுத்து ஒட்டுவதில்லை. மண் மண்ணோடு சேரும். அடுத்த விழாவுக்கு மறுபடி பிடிமண்.

சிறுவயதில் 'பேய்க்கோயில்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இவற்றைக் கடந்தவர்கள்தான் நாம். ஆனால் பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் அறிவித்துவிட்டது. அறுபது ஆண்டுகளாகியும் நம் கண் இன்னும் பழையபடியே இருந்தால் எப்படி?

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்குகிற நமக்கு, மண்ணில் தொடங்கி மண்ணில் முடியும் காணிக்கை புரியாததல்ல. ஆலயத்துக்குக் கொடுக்கும் மின்விசிறியின் இறக்கையில்கூடப் பெயர் எழுதச் சொல்கிறோம். அந்தக் குதிரை நிலைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

அடுத்த முறை அவ்வழியே போகும்போது வண்டியை நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டார் புரவி எடுக்கிறார்கள் என்றால், என்றைக்கு என்று விசாரியுங்கள். தவக்காலத்தில் அதுவும் ஒரு நல்ல தொடக்கம்.