காயமும் வகுப்பறையும்



திருவரங்கத்துக் கதை ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும். உறையூர்ப் பாணர் காவிரிக் கரையில் நின்று பாடிக்கொண்டிருக்கிறார். ஆற்றைக் கடந்து அரங்கத்துக்குள் கால்வைக்க அவருக்கு உரிமையில்லை. கோயிலுக்கு நீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொல்கிறார். பாட்டில் ஆழ்ந்தவர் காதில் அது விழவில்லை. கல் பறக்கிறது, ரத்தம் வழிகிறது. பிறகு இறைவன் ஆணைப்படி லோகசாரங்கரே பாணரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் போகிறார்.

பக்தி மரபு அந்தச் சுமத்தலைக் கொண்டாடுகிறது. நாம் வேறு இரண்டைக் கவனிப்போம். மாற வேண்டியவர் கல்லெறிந்தவர் என்று கதையே சொல்கிறது. ஆனால் ஒருவரைச் சுமந்த பிறகும் விதி மாறவில்லை. அவருடைய மக்கள் கரையிலேயே நின்றார்கள்.

'மனக்காயம் உணர்ந்த கற்பித்தல்' என்ற சொல் இன்று உயர்கல்வியில் பரவுகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துயரம் 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் நோயாக ஏற்கப்பட்டது. போர்க்களத்துக் காயத்தையும் வீட்டுக்குள் பெண்கள் படும் வன்முறையையும் இணைத்து ஜூடித் ஹெர்மன் 1992இல் நூல் எழுதினார். பாதுகாப்பு, நம்பிக்கை, சகாக்களின் துணை, சொந்தக் குரல் ஆகியவற்றை 2014இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று நெறிகளாக வகுத்தது. இந்த அறிவைப் பகிர்ந்துகொள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோக்கலாம். வரவேற்போம். ஆனால் நாம் வெறுங்கையோடு போகவில்லை.

அதே 1992இல்தான் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. கல்லூரி வகுப்பில் 'ஹரிஜன' மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்கிறார்கள், அரசு தரும் தனிப்பயிற்சிக்காக. அந்த நொடியின் கூச்சமும் கோபமும் அதில் பதிவாகியிருக்கின்றன. அதற்கும் முன்பு, 1939இல், இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கைச் சரித்திரத்தை எழுதினார். கோயம்புத்தூரில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பிற மாணவரோடு பழகாமல் ஒதுங்கியிருந்து, மணியடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்ததைச் சொல்கிறார். காயத்தின் இலக்கணத்தை நம்மவர்கள் முன்பே எழுதிவிட்டார்கள்.

அவர்கள் காட்டும் உண்மை ஒன்று உண்டு. வெளியே பட்ட காயத்தை வகுப்பில் கிளறாதிருப்பது மட்டும் போதாது. நமக்குக் காயம் வகுப்பிலேயே உண்டாகிறது.

கடல் கடந்த கூட்டு திருச்சிக்குப் புதிதல்ல. இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் இங்கே வந்தது. அந்தக் கல்வியின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதே ஊரில் மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் செத்தவர்களையும் சாதி பிரித்த சுவர் எழுந்தது. உள்ளூர்ச் சாதியோடு சமரசம் செய்துகொண்டால் எந்த வெளிநாட்டு அறிவும் இங்கே அந்தச் சுவராகத்தான் முடியும்.

விதி இருப்பதும் போதாது. சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். 2019 மே மாதம் மருத்துவர் பாயல் தாட்வியை இழந்தோம். அதே ஆண்டு அவர்களுடைய தாய்மார்கள் ராதிகாவும் ஆபேதாவும் உச்சநீதிமன்றத்தின் படியேறினார்கள். அவர்கள் தங்களுக்கு ஆறுதல் கேட்டுப் போகவில்லை. நிறுவனங்கள் மாற வேண்டும் என்று கேட்டுப் போனார்கள்.

ஆகவே எந்தக் கூட்டு ஒப்பந்தம் நம் கல்லூரிக்கு வந்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். பயிற்சி முதலில் ஆசிரியருக்கா, மாணவருக்கா? உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கம் நிற்குமா? புகாரை விசாரிக்கும் குழுவில் தலித் மாணவர் இருப்பாரா? ஆசிரியர் பயிற்சியில் 'கருக்கு' பாடமாகுமா?

பதில் இல்லையென்றால், அது காயம்பட்டவரைப் பொறுத்துப்போகப் பழக்கும் திட்டம். நமக்கு வேண்டியது கல்லெறியும் கையைத் தடுக்கும் கல்வி.