சும்மாட்டிலிருந்து சக்கரத்துக்கு: பயணப்பெட்டியின் வடிவ மாற்றம்

பயணப்பெட்டியின் வடிவம் அதில் வைக்கும் பொருள்களைப் பொறுத்தது என்பது பொதுவான கருத்து. ஆனால் பெட்டியைச் சுமந்தவர் யார் என்பதே அதன் உருவத்தையும் எடையையும் பெரிதும் முடிவு செய்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலான மாற்றங்களைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பிறர் சுமந்த பெட்டி

குதிரைவண்டிக் காலத்துப் பெட்டிகளுக்கு மழைநீர் வழிந்தோட வளைந்த மூடி இருந்தது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. ரயிலும் நீராவிக் கப்பலும் பெருகியபோது அடுக்கும் தேவை எழுந்தது. பாரிஸில் லூயி விய்த்தோன் 1858இல் தட்டை மூடியும் நீர்புகாக் கான்வாஸ் உறையும் கொண்ட பெட்டியைச் செய்தார். கப்பல் பயணிகள் தம் சுமையை இரண்டாகப் பிரித்தனர். வழியில் தேவைப்படாதவை சரக்கறைக்குச் சென்றன. தேவைப்படுபவை கட்டிலுக்கு அடியில் நுழையும் உயரம் குறைந்த பெட்டியில் அறைக்கு வந்தன. அறைப்பெட்டி, சரக்கறைப்பெட்டி இரண்டையும் தூக்கியவர்கள் கூலியாட்களே. ஆகவே பெட்டி செய்தவர்கள் உறுதியையும் கொள்ளளவையும் கருதினார்கள். வெற்றுப்பெட்டியின் எடை அவர்களுக்குப் பொருட்டாகவில்லை.

இந்திய ரயில்களிலும் இதே நிலைதான். இரும்பு டிரங்குப் பெட்டியும், மெத்தை தலையணையைச் சுருட்டி வாரால் இறுக்கிய ஹோல்டாலும் குடும்பப் பயணத்தின் அடையாளங்களாக இருந்தன. தலையில் சும்மாடு வைத்து இவற்றை ஏற்றிக்கொண்ட போர்ட்டர் இல்லாமல் அந்தப் பயணமே இல்லை. 1970களில் விஐபி போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் சூட்கேஸ்கள் பரவியபோது சுமையின் ஒரு பகுதி பயணியின் கைக்கு வந்தது.

தானே இழுக்கும் பெட்டி

பெட்டிக்குச் சக்கரம் பூட்ட முன்பே சிலர் முயன்றிருந்தாலும், சந்தையில் அது நிலைபெற்றது பெர்னார்ட் சேடோவுக்குப் பின்னரே. அமெரிக்கப் பெட்டி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அவர் 1970இல் குடும்பத்துடன் அரூபா தீவிலிருந்து திரும்பும் வழியில், விமான நிலையத்தில் ஒரு தொழிலாளி கனமான இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் எளிதாகத் தள்ளிச் செல்வதைக் கண்டார். அதே முறையில் அவர் செய்த சக்கரப் பெட்டிக்குக் காப்புரிமை 1972இல் கிடைத்தது. முன்பு தெருவை ஒட்டியே போர்ட்டர்கள் சுமையை ஏற்றி இறக்கினர் என்றும், இன்றைய பெரிய விமான நிலையங்கள் சுமையைக் கையாள்வதைக் கடினமாக்கிவிட்டன என்றும் அக்காப்புரிமை ஆவணமே காரணம் கூறுகிறது. நம் கருத்துக்கு இதைவிட நேரான சான்று இல்லை.

பல கடைகள் சேடோவின் சக்கரப் பெட்டியை விற்க முதலில் மறுத்தன. ஆண்கள் பெட்டியை இழுத்துச் செல்ல விரும்பமாட்டார்கள் என்ற எண்ணமே காரணம் என்று சேடோ பின்னாளில் கூறினார். நான்கு சிறு சக்கரங்களில் படுக்கைவசமாக நின்ற அவரது பெட்டியை வாரால் இழுக்கும்போது அது எளிதில் சாய்ந்தது. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி ராபர்ட் பிளாத் 1987இல் பெட்டியை நிமிர்த்தி, இரு சக்கரங்களும் நீளும் கைப்பிடியும் பொருத்தினார். முதலில் விமானப் பணியாளர்களிடம் பரவிய இதைப் பயணிகள் பார்த்துக் கேட்டு வாங்கினார்கள்.

மறைந்த சுமைதூக்கி

சக்கரம் வந்ததால் சுமைதூக்குபவர் இல்லாமல் போய்விடவில்லை. பயணி ஒப்படைக்கும் பெட்டியை அவர் கண்ணில் படாத இடத்தில் ஒரு தொழிலாளி குனிந்து தூக்குகிறார். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பல விமான நிறுவனங்கள் விதித்திருப்பது அத்தொழிலாளியின் முதுகைக் காக்கவே. விமானத்தின் தாங்குதிறனைவிட மனித உடலின் தாங்குதிறனே இங்கு அளவுகோல்.

முடிவுரை

தலைச்சுமை, கைச்சுமை, இழுசுமை என்ற மூன்று கட்டங்களிலும் பெட்டி சுமப்பவரின் உடலைப் பின்பற்றியே மாறியிருக்கிறது. சக்கரத்துக்கும் வழவழப்பான தரை வேண்டும். ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் அது பயன்படாது. எனவே பெட்டி வாங்கும்போது எவ்வளவு கொள்ளும் என்று கேட்பதற்கு முன், நிரப்பிய பெட்டியைப் படியேற்றப்போவது யார் என்று கேட்பதே இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடம். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்பவர், தேவையற்ற பாதிப் பொருள்களை வீட்டிலேயே விட்டுச் செல்வார்.