புது வேலையில சேர்ந்தாச்சு, ஆனா அந்த ஒரு நாள் லீவு வேணும்: எப்போது கேட்பது, சட்டம் என்ன சொல்கிறது?

புது கம்பெனியில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். ஐ.டி. கார்டுகூட கைக்கு வந்திருக்காது. அதற்குள் ஊரிலிருந்து போன் வரும்: "அக்காவுக்கு முகூர்த்தம் குறிச்சாச்சு, ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு." அப்பாவின் முதல் திதியாக இருக்கலாம், குலதெய்வம் கோயில் கொடையாக இருக்கலாம். தள்ளிப்போட முடியாத நாள். ஆனால் சேர்ந்த உடனே லீவு கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

இந்தப் பயத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் கேட்காமலே விட்டுவிட்டு, கூடப்பிறந்தவளின் தாலி கட்டை வீடியோ காலில் பார்க்கிறார்கள். சிலர் அன்று காலையில் "வயிறு சரியில்லை சார்" என்று மெசேஜ் தட்டிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. தமிழ்நாட்டில் கடைகள், தனியார் அலுவலகங்களுக்கான சட்டம் முதல் வருடத்திலேயே தற்செயல் விடுப்பு கொடுக்கிறது. அதோடு, பெரும்பாலான லீவுகள் கிடைக்காமல் போவதற்குக் காரணம் கேட்ட விஷயம் அல்ல, கேட்ட நேரம்தான்.

எப்போது சொல்வது?

தேதி ஏற்கெனவே தெரியும் என்றால், அதைச் சொல்ல நல்ல நேரம் ஒன்றுதான். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு, சேரும் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன்பு. அந்த சில நாட்களில்தான் கம்பெனி உங்களைத் தேர்வு செய்து முடித்திருக்கும், நீங்கள் வருவீர்களா என்று காத்துக்கொண்டிருக்கும். சம்பளம், சேரும் தேதி, வேலை இடம் எல்லாம் அப்போதுதான் பேசப்படுகிறது. அதோடு சேர்த்து இதையும் சொன்னால் அது நிபந்தனைகளில் ஒன்றாகிவிடும். அதே தேதியைச் சேர்ந்து பத்து நாள் கழித்துச் சொன்னால், அது "புதுசா வந்தவர் கேட்கும் சலுகை".

முதல் சுற்று இன்டர்வியூவிலேயே இதை எடுக்க வேண்டாம். "எப்போது சேர முடியும்?" என்று அவர்களாகவே கேட்டால் மட்டும் சொல்லலாம்.

உதாரணத்துக்கு, ஜூன் 2-ம் தேதி சேரச் சொல்கிறார்கள், ஜூன் 12-ம் தேதி வீட்டில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழி இருக்கிறது. ஜூன் 2-ல் சேர்ந்து மூன்று நாள் லீவு கேட்பது. அல்லது "ஜூன் 16-ல் சேர்ந்துகொள்ளலாமா?" என்று கேட்பது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் எளிதாகச் சரி சொல்வார்கள். யாரும் லீவு அப்ரூவ் செய்ய வேண்டியதில்லை. ஒரே குறை, நடுவில் இரண்டு வாரம் சம்பளம் வராது. வீட்டு இ.எம்.ஐ. ஓடுகிறது என்றால் அதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

போனில் "ஓகே" சொன்னால் போதுமா?

போதாது. நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆள் எடுக்கும்போது போனில் பேசுபவர் எச்.ஆர். பிரிவைச் சேர்ந்தவராக இருப்பார், சில நேரம் வெளியிலிருக்கும் கன்சல்டன்சி ஆளாகவே இருப்பார். "அதெல்லாம் பிரச்னையே இல்ல, பாத்துக்கலாம்" என்பார். சேர்ந்த பிறகு உங்களுக்கு லீவு தர வேண்டியவர் வேறொருவர். அவருக்கு இந்தக் கதையே தெரிந்திருக்காது.

அதனால் போன் பேசி முடித்த அன்றே ஒரு மெயில் போட்டுவிடுவது நல்லது. பெரிய இலக்கியம் தேவையில்லை. இவ்வளவு போதும்:

"வணக்கம். இன்று போனில் பேசியபடி, ஜூன் 11 முதல் 13 வரை மூன்று நாட்கள் என் அக்காவின் திருமணத்துக்காக விடுப்பு தேவைப்படுகிறது. சம்பளம் இல்லாத விடுப்பாக இருந்தாலும் சம்மதம். இதை உறுதி செய்து பதில் அனுப்பினால், ஜூன் 2-ம் தேதி சேர்வதை உறுதி செய்கிறேன்."

காரணம் ஒரே வரியில் இருக்கிறது, தேதி தெளிவாக இருக்கிறது. "மன்னிக்கவும்", "தயவுசெய்து" என்று நான்கு முறை எழுதவில்லை. பதில் வந்ததும் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சேர்ந்த முதல் நாளே மேனேஜரிடம் நேரில் இன்னொரு முறை சொல்லிவிட வேண்டும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்கள், தேதி இப்போதுதான் முடிவானது என்றால், தெரிந்த அன்றே சொல்லுங்கள். முதலில் மேனேஜரிடம் நேரில் சொல்லி, அப்புறம் சிஸ்டத்தில் போடுவதுதான் முறை. திடீரென்று ஒரு லீவு ரிக்வெஸ்ட் மெயில் வந்து விழுந்தால் எந்த மேனேஜருக்கும் எரிச்சல் வரும்.

"ஆறு மாசத்துக்கு லீவே கிடையாது" என்று சொல்ல முடியுமா?

பல இடங்களில் ப்ரொபேஷன் முடியும்வரை லீவு இல்லை என்று சொல்கிறார்கள். சிலர் ஆஃபர் லெட்டரிலேயே எழுதிவிடுகிறார்கள். ஆனால் 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது.

அந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு மூன்று வகை விடுப்பைப் பேசுகிறது. முதலாவது, சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை. இது தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்த பிறகுதான் கிடைக்கும். மற்ற இரண்டும் முதல் 12 மாதத்திலேயே உண்டு. உடம்பு சரியில்லை அல்லது விபத்து என்றால் 12 நாள் வரை, நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாள் வரை தற்செயல் விடுப்பு. இரண்டும் சம்பளத்துடன். கம்பெனியின் பாலிசி இதைவிட அதிகமாகக் கொடுக்கலாம், குறைக்க முடியாது.

மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. துக்க விடுப்பு, திருமண விடுப்பு என்று தனியாகவும் எதுவும் இதில் இல்லை. கம்பெனி தானாகக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் தற்செயல் விடுப்பில்தான் எடுக்க வேண்டும்.

தொழிற்சாலைகளில் கணக்கு வேறு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு. முந்தைய தொழிற்சாலைகள் சட்டத்தில் இது 240 நாளாக இருந்தது.

இது தவிர 1958-ம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் கட்டாய விடுமுறை. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது நல்ல துருப்புச் சீட்டு. "ஆயுத பூஜை அன்னைக்கு நான் வந்து பாத்துக்கறேன், அதுக்குப் பதிலா எனக்கு பங்குனி உத்திரம் அன்னைக்குக் கொடுங்க" என்று கேட்டால், டீமில் யாருமே எதிர்க்க மாட்டார்கள்.

தேதியே தெரியாத விசேஷங்கள்

எச்.ஆர். படிவத்தில் 'முதல் தேதி, கடைசி தேதி' என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் வீட்டு விசேஷங்கள் பல அந்தக் கட்டத்தில் அடங்காது.

அப்பா, அம்மாவின் திதி தமிழ் மாதம், வளர்பிறை தேய்பிறைப்படி வருவது. போன வருடம் ஆகஸ்ட் 5-ல் வந்தது இந்த வருடம் ஜூலை கடைசியில் வரலாம். இறந்த ஆங்கிலத் தேதியை வைத்து லீவு போட்டுவிட்டு, அப்புறம் "இல்ல சார், அடுத்த வாரம்தானாம்" என்று மாற்றினால் பொய் சொல்வது போலத் தெரியும். கேட்பதற்கு முன்பு வீட்டில் பஞ்சாங்கம் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. முதல் வருட திதிக்கு முன்தினச் சடங்குகளும் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ரம்ஜான் பிறையைப் பொறுத்தது. தலைமை காஜி அறிவிப்பதே முந்தைய நாள் இரவுதான். அதனால் "இந்த இரண்டு நாளில் ஒன்று" என்று முன்பே சொல்லிவைப்பதுதான் ஒரே வழி. அம்மன் கோயில் திருவிழாக்களிலும் ஊர்க்கூட்டம் போட்டு தேதி குறித்த பிறகுதான் எல்லாம். அங்கேயும் "மே இரண்டாவது வாரத்தில் இரண்டு நாள்" என்று உத்தேசமாகச் சொல்லி வைத்து, காப்புக் கட்டு தேதி தெரிந்ததும் உறுதி செய்யலாம்.

இன்னொரு குழப்பம் உள்ளூர் விடுமுறை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரையிலும், பனிமய மாதா திருவிழாவின் ஆகஸ்ட் 5-ம் தேதிக்கு தூத்துக்குடியிலும் கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். அது அந்த மாவட்டத்து அரசு அலுவலகம், பள்ளிகளுக்குத்தான். சொந்த ஊருக்கு லீவு விட்டார்கள் என்பதற்காக சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் கம்பெனி விடாது.

"நீ போய்த்தான் ஆகணுமா?"

மேனேஜர் வேறு மாநிலத்துக்காரராக இருந்தால் இந்தக் கேள்வி வரும். அக்கா மகளுக்குக் காது குத்து என்றால் அவருக்கு அது சொந்தக்காரர் வீட்டு ஃபங்ஷன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள், மாமன் இல்லாமல் விசேஷமே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இங்கே உறவுமுறையை விளக்குவதைவிட, உங்கள் வேலையைச் சொல்வது எடுபடும். "அந்தச் சடங்கைச் செய்ய வேண்டியதே நான்தான். எனக்குப் பதிலா வேற யாரும் உட்கார முடியாது." அதேபோல "அப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டிய மகன் நான்" என்றால், எந்த ஊர்க்காரருக்கும் புரியும். பாட்டியை மறுபடி சாகடிக்க வேண்டியதில்லை. பொய்க் காரணம் சொல்லிவிட்டு வந்தால், பட்டு வேட்டியோடு நிற்கும் போட்டோ சித்தப்பாவின் ஸ்டேட்டஸில் வந்து, டேக்கும் ஆகியிருக்கும்.

சம்பளத்தில் எவ்வளவு போகும்?

லீவு பேலன்ஸ் இல்லாதபோது கொடுப்பது 'லாஸ் ஆஃப் பே'. மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்றால், 30 நாள் கணக்கில் ஒரு நாளைக்கு 600 ரூபாய். சில இடங்களில் 26 நாளால் வகுப்பார்கள். அப்படியானால் சுமார் 692 ரூபாய்.

கவனிக்க வேண்டியது 'சாண்ட்விச்' விதி. வெள்ளியும் திங்களும் லீவு போட்டால் நடுவில் வரும் சனி, ஞாயிறையும் லீவாக எண்ணும் கம்பெனிகள் உண்டு. இரண்டு நாள் போய் நான்கு நாளாகி, 1,200 ரூபாய்க்குப் பதில் 2,400 ரூபாய் கழியும். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை என்றால், வெள்ளி, திங்கள் இரண்டையும் எடுப்பதா, ஒன்றை மட்டும் எடுப்பதா என்று பாலிசியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எடுத்த லீவு நாட்களுக்கு ஏற்ப ப்ரொபேஷன் நீளுமா என்பதும் ஆஃபர் லெட்டரில்தான் இருக்கும்.

முடியாது என்று சொல்லிவிட்டால்?

முதலில் கேட்ட நாட்களைக் குறைத்துப் பார்க்கலாம். மூன்று நாள் முடியாது என்றால், முகூர்த்த நாள் ஒன்று மட்டும். அதுவும் முடியாது என்றால் நைட் ஷிப்ட் மாற்றிக்கொள்வது, அரை நாள், ஊரிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்ப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஜவுளிக் கடையில் தீபாவளிக்கு முந்தைய வாரமோ, ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு முடிக்கும் நேரமோ கேட்டால் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த இடங்களிலும் ஒரு நாள் கிடைத்தவர்கள் உண்டு, ஒரு மாதம் முன்பே சொல்லி, தன் வேலையை யார் பார்ப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னவர்கள்.

எதுவுமே கேட்காமல், சொல்லாமல் கிளம்பிவிடுவது மட்டும் ஆபத்து. கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவு, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்தவர்களுக்குத்தான். புதிதாகச் சேர்ந்தவருக்கு அது கிடையாது. தற்செயல் விடுப்பே தர மாட்டோம் என்று மொத்தமாக மறுக்கும் இடங்களைப் பற்றி தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் புகார் தரலாம். ஒரு நாள் லீவுக்காக யாரும் அங்கே போவதில்லை என்பதுதான் நடைமுறை. ஆனாலும் சட்டத்தில் இருப்பது தெரிந்து கேட்பவரின் குரலே வேறு மாதிரி இருக்கும்.

அரசு வேலை, வெளிநாட்டு வேலை

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும், பட்டியலிலிருந்து தேர்வு செய்துகொள்ளும் 3 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பும் உண்டு. மத்திய அரசில் இது முறையே 8 நாள், 2 நாள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ப்ரொபேஷன் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. 6 மாதம் முடிந்து ஒரு வருடம் ஆகாதவர்களுக்கு மாதத்துக்கு 2 நாள் என்ற கணக்கில் ஆண்டு விடுப்பு. கணவன் அல்லது மனைவி இறந்தால் 5 நாள், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் இறந்தால் 3 நாள் சம்பளத்துடன் துக்க விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் 3 மாதம் வேலை பார்த்த பிறகு, முதல் வருடத்துக்கு 7 நாள் என்ற கணக்கில் ஆண்டு விடுப்பு தொடங்கும். தீபாவளி அங்கே பொது விடுமுறை. பொங்கல் இல்லை. நவம்பரில் வேலைக்குச் சேர்ந்து ஜனவரியில் ஊருக்கு வர நினைப்பவர்கள், அந்த 3 மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடலாம்.